ஆட்சேபணை: உண்டு / இல்லை

போன மாதம் சரவணனிடமிருந்து போன் வந்தது. புதுக்கோட்டையில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர் அவர். நன்னடத்தை அலுவலர் என்று அந்தப் பதவிக்குப் பெயர். பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூடத்தில் ஒழுக்க வகுப்பு எடுக்கிற ஆள் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனாரும் அப்படித்தான் நினைத்தார். நானும் திருத்தவில்லை.

வேலை இதுதான். ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் பல வருடம் சிறையில் கழித்த பிறகு, அவரை முன்கூட்டியே விடலாமா என்று அரசு யோசிக்கும். முடிவெடுப்பதற்கு முன், அவருடைய ஊருக்கு ஒரு ஆளை அனுப்பி, இவர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று விசாரிக்கச் சொல்லும். அந்த ஆள் நான். இருபத்தேழு வருடம் அப்படி விசாரித்தேன்.

சரவணனின் சிக்கல் வேறு. "சார், இப்ப அறிக்கை எல்லாம் கம்ப்யூட்டர்ல. செத்தவர் குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டா இல்லையான்னு ஒரு கட்டம் இருக்கு. ஏதாவது ஒண்ணை அமுக்கினாத்தான் அடுத்த பக்கம் போகுது. ஒரு அம்மா ரெண்டுலயும் சேராம பேசுது. எதை அமுக்குறது?"

கூடவே, டிவியில் பேசுகிறார்களே, விடுதலை செய்வது கோர்ட்டின் அதிகாரமா அரசின் அதிகாரமா, எது சார் சரி என்றும் கேட்டார். போனில் நான் சொன்ன பதில் சின்னது. இங்கே எழுதுவது அதன் பின்னால் இருக்கிற கதை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சில மாதம் வகுப்பு, தேர்வு, ஒரு குரூப் போட்டோ. குற்றவியல் கோட்பாடுகள் ஏழெட்டு மனப்பாடம் செய்தேன். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமத்துக்கு முதல் தடவை விசாரணைக்குப் போனபோது, டீக்கடையில் ஒருவர் "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தக் கோட்பாட்டிலும் இல்லை.

சொல்லிக்கொடுத்தது எங்கள் மண்டல அலுவலர் மேரி புஷ்பம் அம்மா. குட்டையான உருவம், கனமான கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு பென்சில். அறிக்கையை எடுத்துக்கொண்டு போனால் உட்காரச் சொல்ல மாட்டார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். படித்து முடித்த பிறகுதான் நாற்காலி, டீ எல்லாம். படிக்கும்போது சில சொற்களைச் சுற்றி வட்டம் போடுவார். 'ஊரார் அனைவரும்' என்று எழுதியிருந்தால் வட்டம். "அனைவரும்னா யாரு? நாலு பேரு எழுதுங்க." 'கொடூரமான குற்றம்' என்று எழுதியிருந்தால் பெரிய வட்டம். "இதை ஜட்ஜ் எழுதியாச்சு. சம்பளம் வாங்கிக்கிட்டு நீங்க எதுக்கு மறுபடி எழுதுறீங்க?"

அவருடைய நடைமுறைகள் இப்படி: ஜீப்பில் போகக் கூடாது, டவுன் பஸ்ஸில் போக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைக் கூடக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. முதலில் செத்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். நாம் வந்த காரணம் ஊரில் பரவிவிட்டால், அந்த வீட்டுக்கு நமக்கு முன்னால் நாலு பேர் போய் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கடைசியாகத்தான் சிறைவாசியின் வீடு. இதெல்லாம் எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. நான் ஒரே ஒரு தடவை இந்த வரிசையை மாற்றினேன். அந்த ஒரு தடவைதான் இந்தக் கதை.

பழனியாண்டி என்று ஒருவர். கண்மாய் மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில் தன் பெரியப்பா மகன் ராசுவை மண்வெட்டியால் அடித்தார். ராசு அங்கேயே இறந்துபோனார். பார்த்த சாட்சி ராசுவின் மனைவி அழகம்மாள். அவர் சொன்ன சாட்சியம்தான் பழனியாண்டிக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தது. இரண்டு வீடும் ஒரே தெருவில், நடுவில் மூன்று வீடு. பதினான்கு வருடம் ஆனதும் பழனியாண்டியின் பெயர் முன்விடுதலைப் பட்டியலில் வந்தது. ஒரு தலைவரின் பிறந்த நாளையொட்டி அரசு சிலரை விடுவிக்க யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

அன்று பஸ் தாமதம். ஊருக்குப் போய்ச் சேரும்போதே பிற்பகல் ஆகிவிட்டது. பழனியாண்டியின் மனைவி பாக்கியம் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. அவரோடு போனேன், அவர் வீட்டில் உட்கார்ந்தேன், அண்டை வீடுகளில் கேட்டேன். ராசு வீட்டுக்குப் போகும்போது திரும்பும் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது.

அழகம்மாள் வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "அங்கிட்டு எல்லாம் போயிட்டு இங்கிட்டு கடைசியா வாரீங்களாக்கும்" என்றார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் சொன்னது இது: "கோர்ட்டு விட்டா நான் பேச ஒண்ணுமில்ல. பொறந்த நாளுன்னு கட்சிக்காரவுக விட்டா ஒத்துக்கிட மாட்டேன்."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். பஸ் ஹாரன் கேட்டது. படிவத்தில் 'ஆட்சேபணை: உண்டு / இல்லை' என்று இருந்த இடத்தில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டுக் கிளம்பினேன். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அது ஆட்சேபணை, அவ்வளவுதான் என்று என் எண்ணம். அந்த மாதம் மேரி புஷ்பம் அம்மா மருத்துவ விடுப்பில் இருந்ததால் பென்சில் வட்டத்துக்கும் வழியில்லாமல் அறிக்கை அப்படியே போயிற்று.

பழனியாண்டிக்கு விடுதலை இல்லை என்று பதில் வந்தது. காரணம், நன்னடத்தை அலுவலரின் பாதகமான அறிக்கை. அதாவது நான் அடித்த ஒரு கோடு.

பாக்கியம் சும்மா இருக்கவில்லை. மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. அதன் நகலை நான் பலமுறை படித்திருக்கிறேன். சாரம் இதுதான்: ஒருவரை முன்கூட்டியே விடுவதா வேண்டாமா என்பது அரசு எடுக்க வேண்டிய முடிவு, நீதிமன்றம் அந்த நாற்காலியில் உட்காராது. ஆனால் அரசின் முடிவுக்குக் காரணம் வேண்டும். ஆட்சேபணை உண்டு என்று ஒரு சொல் இருக்கிறது; என்ன ஆட்சேபணை என்று ஒரு வரியும் இல்லை. எட்டு வாரத்துக்குள் மறுபடி பரிசீலித்து முடிவெடுக்கவும்.

விடுப்பு முடிந்து வந்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல நிற்க வைத்துவிட்டு, நீதிமன்ற உத்தரவையும் என் பழைய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு என் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார். நல்லவேளையாக அழகம்மாள் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் அதில் எழுதி வைத்திருந்தேன்.

"இந்தம்மா சொன்னதுல பாதியை எழுதியிருக்கீங்க" என்றார். "முழுப் பொய் எழுதியிருந்தாக்கூட யாராச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்க. பாதி எழுதினா எவனும் கண்டுபிடிக்க மாட்டான்."

அன்று நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. நான் வாசல்வரை போன பிறகு ஒன்று சொன்னார்: "ஜட்ஜ் நடந்து முடிஞ்சதுக்கு எழுதியாச்சு. கவர்மெண்டு இனிமே நடக்கப்போறதுக்கு எழுதணும். ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு நீங்க தீர்ப்பும் சொல்லாதீங்க, ஆணையும் போடாதீங்க. கேட்டதை எழுதுங்க."

மறுநாள் கிளம்பினேன். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒன்றியத்தில் கட்சிப் பொறுப்பில் இருந்தவர்; ரெங்கசாமி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் தலைவர் படம். டீ வாங்கிக் கொடுக்கப் பார்த்தார்.

"சார், எதுக்கு இழுத்துக்கிட்டு? கோர்ட் ஆர்டர் வந்துருச்சுன்னு அந்தப் பொம்பளகிட்ட ஒத்த வார்த்தை சொல்லுங்க. கோர்ட்டுன்னா அது வாயத் தொறக்காது. நானும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"பாக்கியம் வீட்ல என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அங்கிட்டு நம்ம தலைவர் விடப்போறாருன்னு சொல்லிருக்கேன். அதுவும் உண்மைதானுங்களே."

ஒரே தெருவில் மூன்று வீடு தள்ளி இரண்டு உண்மை. ஆளைப் பார்க்க எரிச்சலாக இருந்தாலும், யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மறைப்பானேன்? உத்தரவு நகல் என் பையில் இருந்தது. அழகம்மாள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். 'கோர்ட்டு சொல்லிருச்சும்மா' என்றால் அவர் வாயாலேயே ஆட்சேபணை இல்லை என்று வந்துவிடும். பாக்கியத்துக்குப் புருஷன் கிடைப்பார், அரசுக்குக் காரணம் கிடைக்கும், எனக்கு என் தப்பை மூட வழி கிடைக்கும். பஸ்ஸில் போன அந்த முக்கால் மணி நேரமும் இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

இந்த முறை நேராக அழகம்மாள் வீட்டுக்கு. காலை நேரம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் நிலைப்படியில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"கோர்ட்டு விடச் சொல்லிருச்சாமே? மெய்தானா?"

இவ்வளவு சுலபமாக எடுத்து நீட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்லம்மா" என்றேன். "விடுறதும் விடாததும் கவர்மெண்டோட முடிவுன்னுதான் கோர்ட்டு சொல்லியிருக்கு. காரணத்தோட முடிவு பண்ணச் சொல்லியிருக்கு. காரணம் கேட்டுத்தான் நான் வந்திருக்கேன். போன தடவை நீங்க சொன்னதை நான் சரியா எழுதல. தப்பு என்னுதுதான்."

அவர் பேசினார். கோபமாக அல்ல, கணக்காகப் பேசினார்.

"நான் புதுக்கோட்டை கோர்ட்டுல கூண்டுல ஏறி நின்னேன். அவுக வக்கீலு என்னையப் பேசாத பேச்சில்ல. நான் சொன்னதை ஒருத்தர் டைப் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. முடிஞ்சதும் அம்புட்டையும் திருப்பி வாசிச்சுக் காட்டுனாக. 'சரியா இருக்காம்மா'ன்னு ஜட்ஜய்யா கேட்டாரு. ஒரு எடத்துல தப்பா இருந்துச்சு, சொன்னேன், திருத்துனாரு. அப்புறந்தான் கையெழுத்து. என் சொல்லை வாங்குறதுன்னா அப்படி வாங்கணும். ஒங்க கவர்மெண்டு என்ன செஞ்சுச்சு? ஒங்களை அனுப்புச்சு. நீங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுனீங்க."

அவமானமாக இருந்தது. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "இப்ப சொல்லுங்கம்மா. ஒங்க வார்த்தையிலேயே எழுதுறேன். எழுதி முடிச்சதும் வாசிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இடையில் நிறுத்தி யோசித்தார், சிலதை அடிக்கச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு பக்கம் வந்தது. அதில் முக்கியமான பகுதி, என் நினைவில் இருக்கிறபடி:

"தீர்ப்பு தீர்ப்புத்தான். அந்த ஆளு செய்யலைன்னோ தெரியாம செஞ்சாருன்னோ இனிமே ஒரு பேப்பரும் எழுதக் கூடாது. பதினாலு வருசம் போதும்னு கவர்மெண்டு நெனச்சா, அவுக பேரைப் போட்டு, நாங்க விடுறோம்னு எழுதட்டும். என் தலையில வைக்கக் கூடாது. கோர்ட்டு தலையிலயும் வைக்கக் கூடாது. போதும்னு நான் சொல்ல மாட்டேன், பத்தாதுன்னும் சொல்ல மாட்டேன். அது என் வேல இல்ல. வந்தா வரட்டும். ஆனா மால போட்டு, வேட்டு வெடிச்சு, கொடி கட்டிக் கூட்டியாரக் கூடாது. எம் புருசன் பொணமாப் போன தெரு இது."

எழுதியதைத் திருப்பி வாசித்தேன். ஒரு இடத்தில் நான் 'கணவர்' என்று எழுதியிருந்தேன். புருசன் என்று திருத்தச் சொன்னார். திருத்தினேன். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மேரி புஷ்பம் அம்மா அந்த அறிக்கையைப் படித்தபோது பென்சில் கையிலேயே இருந்தது, காகிதத்தில் படவில்லை. 'உண்டு / இல்லை' என்ற இடத்தில் நான் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அறிக்கையின் இன்னொரு பகுதிக்காகத் திருச்சி சிறைக்குப் போய்ப் பழனியாண்டியைப் பார்த்தேன். எங்கே தங்குவீர்கள், என்ன வேலை செய்வீர்கள் என்ற வழக்கமான கேள்விகள். அறிக்கையில் மற்றவர்கள் சொன்னதைச் சிறைவாசியிடம் சொல்லக் கூடாது என்பது விதி. எழுந்து வரும்போது அந்த விதியை மீறினேன். "ஒருவேளை விட்டாங்கன்னா, மால மரியாதை எல்லாம் வேண்டாங்குறாங்க அந்தம்மா" என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆணை வந்தது. விடுதலை. அது வெளியே தெரிவதற்கு முன் செத்தவர் வீட்டுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்பது மேரி புஷ்பம் அம்மாவின் இன்னொரு பழக்கம். நகலோடு போனேன். அழகம்மாள் முழுவதையும் வாசிக்கச் சொன்னார். சிறை அறிவுரைக் கழகத்தின் பரிந்துரையையும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கவனமாகப் பரிசீலித்த அரசு, மேற்படி சிறைவாசியை விடுதலை செய்து ஆணையிடுகிறது.

"நான் சொன்னது எங்க?" என்றார்.

"அறிக்கைங்குற வார்த்தைக்குள்ள இருக்கும்மா."

"ரெண்டு பக்கமும் அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு, "சரி, அவுகதான் விடுறோம்னு அவுக பேருல எழுதியிருக்காகல்ல. அது வரைக்கும் சரி" என்றார். மாலையைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படி எந்த ஆணையிலும் எழுத மாட்டார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். இருந்தும் எழுதி அனுப்பியிருந்தேன். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது வழியில் பிளெக்ஸ் கட்டக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

விடுதலை ஆனவரைச் சில காலம் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து எழுத வேண்டும். முதல் மாதம் போனபோது டீக்கடையில் கதை கிடைத்தது. பழனியாண்டி விடுதலையான அன்று ரெங்கசாமி ஆட்களோடு நிறுத்தத்தில் காத்திருந்திருக்கிறார். மாலை, சால்வை, சரவெடி, இரண்டு மேளம். பஸ் வந்தது. பழனியாண்டி இறங்கவில்லை. அவர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, உச்சி வெயிலில், கையில் ஒரு துணிப்பையோடு கண்மாய்க் கரை வழியாக நடந்து வந்து பின்பக்கமாக வீட்டுக்குள் போய்விட்டார். நிறுத்தத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவே ஒரு மணி நேரம் ஆயிற்றாம். சால்வையைக் கடைசியில் பஸ் டிரைவருக்குப் போட்டுவிட்டார்கள் என்றார் கடைக்காரர். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்தக் கண்மாய்க் கரையில்தான் மடை இருக்கிறது. அந்த வழியாக வருவதென்றால் ராசு விழுந்த இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பழனியாண்டியிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அழகம்மாள் வீட்டுக்குப் போனேன். அதே பிளாஸ்டிக் நாற்காலி. படிவத்தில் 'ஊரார் ஏற்றுக்கொண்டனரா' என்று ஒரு வரி. ஊரில் ஐந்து பேரிடம் கேட்டுப் பெயரோடு எழுதியாயிற்று. இவரிடமும் கேட்டேன்.

"அந்த ஆளு நடந்து வந்ததைப் பாத்தேன்" என்றார். "நான் கரையிலதான் ஆடு மேச்சுக்கிட்டு நின்னேன். மடைகிட்ட வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு. என்னையப் பாக்கல. போயிட்டாரு."

பிறகு என்னைக் கேட்டார்: "இதை யாரு சொல்லிச் செஞ்சாரு? கோர்ட்டா, கவர்மெண்டா?"

"ரெண்டும் இல்லம்மா."

"நீங்களா?"

"மாலையைப் பத்தி மட்டும் சொன்னேன். செருப்பைப் பத்தி யாரும் சொல்லல."

அவர் கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. பார்ப்பது நாகரிகமாகப் படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கிடுங்க" என்றார். "ஏத்துக்கிடல. இருந்துட்டுப் போகட்டும்."

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். பிறகு, அவர் கேட்காமலேயே, திருப்பி வாசித்துக் காட்டினேன்.

"சரியா இருக்கு" என்றார்.